சுவாமிநாதன் எந்த பாஷையில் யோசித்தான்?

எலெனா ஃபெரான்டேயின் நேப்பிள்ஸ் நாவல்களை இத்தாலிய டெலிவிஷன் ஸீரியலாக எடுத்ததை நம் வட்டத்து நண்பர்கள் அநேகமாக எல்லோரும் பார்த்து முடித்தாயிற்று. நான்கு நாவல்கள், 2018 முதல் 2024 வரை நான்கு தவணைகளாக 34 பகுதிகள். பார்த்தவர்கள் கடிதம் எழுதுகிறார்கள், கூட்டங்களில் பேசுகிறார்கள். எல்லோரிடமும் ஒரே வாக்கியம்தான் இருக்கிறது: 'எங்கள் தெருவைப் பார்த்த மாதிரியே இருந்தது.' இதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் இரண்டாவது வாக்கியமும் சீக்கிரமே வெளியே வந்துவிடுகிறது: 'நம்மிடமும் இப்படி ஒன்று இருக்கிறதே, மால்குடி டேஸ்.'

இரண்டு வாக்கியங்களும் சோம்பேறித்தனத்திலிருந்து பிறந்தவை என்பது என் கட்சி. முதலாவது கேட்கத் தெரியாத சோம்பேறித்தனம். இரண்டாவது நம்முடையதை இழந்தோம் என்றுகூடத் தெரியாத சோம்பேறித்தனம்.

நண்பர்கள் பார்த்தது திரைக்கு அடியில் ஓடிய ஆங்கில எழுத்துக்களை. அந்தத் தெருவில் யார் எதில் பேசினாலும் ஆங்கிலத்துக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் அந்த ஸீரியலின் மனிதர்கள் இரண்டு பாஷைகளில் வாழ்கிறார்கள். வீட்டில், தெருவில், சண்டையில், பேரத்தில் நியோபொலிட்டன். பள்ளிக்கூடத்தில், ஆசிரியை ஒலிவியேரோவின் வாயில், புத்தகத்தில் இத்தாலியன். நியோபொலிட்டன் என்றால் இத்தாலியனைக் கொஞ்சம் கொச்சையாகப் பேசுவது என்று நினைத்துவிடக் கூடாது. மிலானில் இருப்பவன் காதில் அது அந்நிய பாஷையாகத்தான் விழும். அதனால் இத்தாலியின் அரசு டெலிவிஷனான ராய், தன் சொந்த ஜனங்களுக்கே அடியில் இத்தாலிய எழுத்துப் போட்டு இதை ஒளிபரப்ப வேண்டியிருந்தது. ஒரு தேசத்தின் அரசு டெலிவிஷன், தேசத்துக்குப் புரியாத பாஷையில், தேசம் முழுவதும் பார்க்கும் நேரத்தில் ஒரு கதையைச் சொல்லியிருக்கிறது. இதைப் பற்றி நம் நண்பர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குழந்தைகளின் கண்ணழகைப் பற்றித்தான் பேசினார்கள்.

இதில் இன்னொரு விசேஷம், இதை நாவல் செய்யவில்லை என்பது. ஃபெரான்டே நாவலை இத்தாலியனில்தான் எழுதியிருக்கிறார். ஒருத்தி தெரு பாஷையில் கத்தினாள் என்று குறிப்புக் கொடுத்துவிட்டு, கத்தியதை இத்தாலியனிலேயே எழுதிவிடுவார். எழுத்தில் அது சாத்தியம். திரையில் அந்தச் சலுகை கிடையாது. பாத்திரம் வாயைத் திறந்தாக வேண்டும், திறந்தால் ஏதாவதொரு பாஷை வெளியே வந்தாக வேண்டும். டைரக்டர் ஸவேரியோ கொஸ்டான்ஸோ அந்த நிர்ப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார். முன்பின் நடித்திராத குழந்தைகளை நேப்பிள்ஸ் பக்கத்திலேயே தேடிப் பிடித்தார். அவர்களை அவர்கள் பாஷையிலேயே பேசவிட்டார். அதற்கு மேலே, வளர்ந்துவிட்ட எலெனாவின் குரல் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறது. அந்தக் குரல் மட்டும் சுத்தமான இத்தாலியன். நடந்தது ஒரு பாஷையில், நினைவுகூர்வது இன்னொரு பாஷையில். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் என்னவோ அதுதான் எலெனாவின் 'வளர்ச்சி'. வேறு வளர்ச்சி அந்தக் கதையில் கிடையாது. காதல், கல்யாணம், துரோகம் எல்லாம் எந்தக் கதையிலும் வரும்.

லீலாவும் எலெனாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். லீலா இவளைவிடக் கெட்டிக்காரி. மேலே படிக்கவேண்டும் என்று அடம்பிடித்ததற்கு அப்பன் அவளை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிகிறான். அவள் செருப்புத் தைக்கும் கடையில் தங்கிவிடுகிறாள். எலெனா படிக்கப்போகிறாள். பீஸாவில் அவள் வாயிலிருந்து நேப்பிள்ஸ் வாடை அடிக்கிறது என்று சிரிக்கிறார்கள். தெருவுக்குத் திரும்பினால் இவள் இத்தாலியன் இவளையே அந்நியளாக்குகிறது. கோபம் தலைக்கேறினால் பழைய பாஷை தானாகப் பீறிட்டு வருகிறது, அப்போது அவளுக்கே தன்னைக் கண்டால் பயம். இதையெல்லாம் ஆங்கில எழுத்தில் வாசித்துவிட்டு 'எங்கள் தெரு மாதிரியே' என்றால், உங்கள் தெருவையும் நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இனி நம் மால்குடிக்கு வரலாம்.

ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' 1935ல் லண்டனில் வெளிவந்த நாவல். சென்னையில் பிறந்து, பாட்டி வீட்டில் வளர்ந்து, மைசூரில் வாழ்ந்த ஒரு தமிழர் ஆங்கிலத்தில் எழுதியது. 1986ல் சங்கர் நாக் அதையும் நாராயணின் வேறு கதைகளையும் சேர்த்துத் தூர்தர்ஷனுக்காக 'மால்குடி டேஸ்' எடுத்தார். அகும்பேயில் படப்பிடிப்பு. மாஸ்டர் மஞ்சுநாத் சுவாமி. கிரீஷ் கர்னாட் அப்பா. எல். வைத்தியநாதனின் சங்கீதம் இன்றைக்கும் பலருக்கு மனப்பாடம். அரசாளு என்கிற சின்ன ரயில் நிலையம் மால்குடி ஸ்டேஷனாக நடித்தது, அதற்காகவே இப்போது அங்கே ஒரு அருங்காட்சியகமும் வைத்துவிட்டார்கள். அந்தப் பையன் மஞ்சுநாத்தின் முகத்தில் இருந்த ஒருவித அலட்சியமான பயம் வேறெந்த இந்தியக் குழந்தை நடிகரிடமும் நான் பார்த்ததில்லை. ஸீரியலில் சிரத்தை இருந்தது. அதை மறுக்க நான் வரவில்லை.

ஆனால் சுவாமிநாதன் பேசியது ஆங்கிலமும் இந்தியும்.

சுவாமிநாதன், ராஜம், மணி, சோமு, சங்கர், பட்டாணி என்று கூப்பிடப்படும் சாமுவேல். மௌன்ட் ரோடு கடைக்குக் கிரிக்கெட் மட்டை கேட்டுக் கடிதம் எழுதும் பையன்கள். இவர்கள் தங்களுக்குள் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாராயண் ஆங்கிலத்துக்குள் மூடி வைத்தார். எழுத்தில் அது சாத்தியம் என்று முன்பே சொன்னேன். திரைக்கு வரும்போது அந்த மூடியைத் திறக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. ஃபெரான்டேயின் இத்தாலியனுக்குள் மூடியிருந்ததை கொஸ்டான்ஸோ திறந்தார். நாம் மூடிக்கு மேல் இன்னொரு மூடி போட்டோம்.

'நாராயணே ஆங்கிலத்தில்தானே எழுதினார், இந்தியில் வந்தால் என்ன கெட்டுப்போயிற்று?' என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம் தருகிறேன். நாவலில் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும் இடம்தான். அப்பா சுவாமிக்குக் கணக்குக் கொடுக்கிறார். ராமனிடம் பத்து 'மாங்கோ', அதை விற்றுப் பதினைந்து அணா சம்பாதிக்க வேண்டும். கிருஷ்ணனுக்கு நாலு போதும். அவன் எவ்வளவு கொடுக்கவேண்டும்? சுவாமி கணக்கைப் போடாமல் கேட்கிறான்: அவை பழுத்தவையா? அப்பா சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். வாசகர்களும் தொண்ணூறு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தையின் கனவுலகம், கவித்துவமான கவனமின்மை என்றெல்லாம் இதற்கு விளக்கம் எழுதியாயிற்று.

இந்தக் கணக்கைத் தமிழில் போட்டுப் பாருங்கள். முடியாது. போடுவதற்கு முன்னால் அது மாங்காயா மாம்பழமா என்று நீங்கள் தீர்மானித்தாக வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் நம் பேச்சில் இல்லை. 'பத்து மாம்பழம்' என்று அப்பா சொல்லியிருந்தால் பையன் கேட்டிருக்கவே மாட்டான். பழமா காயா என்று சொல்லாத ஒரு பாஷையிலிருந்து வந்த கணக்கு, அதைச் சொல்லாமல் வாயே திறக்க முடியாத ஒரு பாஷையில் வளர்ந்த பையனின் தலைக்குள் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. சுவாமி கனவு காணவில்லை. மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறான். மொழிபெயர்ப்புக்குத் தேவையான தகவல் கணக்கில் இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டான். காலனி நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி இவ்வளவு சிக்கனமாக வேறு யார் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. (மாங்கனிக்கு வருஷா வருஷம் திருவிழா எடுக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுவதால் எனக்கு இந்த விஷயத்தில் கூடுதல் அக்கறை இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.)

இந்தியில் 'ஆம்' என்றால் அதுவும் ஆங்கிலச் சொல்லைப் போலத்தான், காயென்றும் சொல்லாது பழமென்றும் சொல்லாது. அங்கே சுவாமியின் கேள்வி வெறும் விளையாட்டுப் பேச்சு. அப்பாவும் பிள்ளையும் ஒரே பாஷைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடமும் அதே பாஷையில் நடக்கிறது. புதிதாக வந்த ராஜம் வெள்ளைக்காரன் மாதிரி இங்கிலீஷ் பேசுகிறான் என்று மற்றவர்கள் வாய்பிளக்கிற அதிசயத்துக்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடுகிறது. எல்லாவற்றையும் சமமாக மெழுகிவிட்ட ஒரு தரையில் அந்தக் குழந்தைகள் ஓடியாடுகிறார்கள். அதைத்தான் நாம் 'இனிமையான பால்யம்' என்று கொண்டாடுகிறோம்.

இதை இந்தி எதிர்ப்புக் கட்டுரையாக எடுத்துக்கொண்டு கைதட்ட வருகிறவர்கள் தயவுசெய்து உட்காரவும். கன்னடத்தில் எடுத்திருந்தால்கூட நான் ஒப்புக்கொண்டிருப்பேன். நடித்தவர்களில் பலர் கன்னடக்காரர்கள், அவர்கள் வாயில் உயிருள்ள ஒரு பேச்சு இருந்திருக்கும். நாளைக்கே யாராவது மால்குடியை நம் டெலிவிஷன் தமிழில் மறுபடி எடுத்தாலும் என் புகார் இம்மியும் குறையாது. மணி பேசும் தமிழும், போலீஸ் சூப்பரின்டென்டென்ட் மகன் ராஜத்தின் தமிழும், சாமுவேலின் தமிழும், சுவாமியின் பாட்டி பேசும் தமிழும் ஒன்றாக இருக்க முடியாது. ஒன்றாக்கிவிட்டால் அதுவும் இந்திதான்.

நேப்பிள்ஸ்காரர்களிடம் பணம் இருந்தது, ராயோடு அமெரிக்க எச்.பி.ஓ.வும் சேர்ந்து போட்ட பணம் என்பார்கள். இருந்தது, உண்மை. அந்தப் பணத்தில் கஸெர்ட்டா பக்கம் ஒரு தெருவையே கட்டினார்கள். ஆனால் பையன்களைத் தங்கள் பேச்சில் பேசவிடுவதற்கு என்ன செலவு? இந்தியில் பேசச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் செலவு.

சினிமாவைப் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தேன். பூமணியின் 'வெக்கை' 1982ல் வந்தது. நாவலின் மையம் சிதம்பரம், பதினைந்து வயசுப் பையன். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறான். வெட்டியது ஒரு நிமிஷம், அதைச் சுமக்கக் கற்றுக்கொள்வது மீதி நாவல். தமிழில் ஒரு பையன் பெரியவனாவதை இவ்வளவு வறட்சியான, கண்ணீரில்லாத உரைநடையில் வேறெவரும் எழுதவில்லை. 2019ல் வெற்றிமாறன் இதை 'அசுரன்' ஆக்கினார். பேச்சுக்கு அந்த மண்ணின் காதைக் கொடுத்தார், அதற்கு நன்றி. ஆனால் பையனை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அப்பனைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார், ஏனென்றால் நட்சத்திரம் அப்பன் வேஷத்தில் இருந்தார். அப்பனுக்கு ஒரு பூர்வ கதையும் முளைத்தது. சிதம்பரத்தின் அனுபவம் அப்பனின் வீரத்துக்குச் சந்தர்ப்பமாக முடிந்துபோயிற்று. மால்குடியில் பையன் இருந்தான், பேச்சு இல்லை. இங்கே பேச்சு இருந்தது, பையன் இல்லை. தேசிய விருது கிடைத்தது.

'மோகமுள்' என்று சொல்ல வாயெடுப்பவர்களுக்கு: ஞான ராஜசேகரனின் 1995 படத்தை மதிக்கிறேன், ஆனால் பாபு கதை தொடங்கும்போதே காலேஜ் பையன். அவன் விஷயம் வேறு.

தமிழ் நாவலுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அது ஃபெரான்டேக்கும் இல்லை நாராயணுக்கும் இல்லை. நம்முடைய நல்ல நாவலாசிரியர்கள் ரொம்ப காலமாகவே பேச்சைப் பேச்சாக எழுதிவிட்டார்கள். ஜானகிராமன், கி. ராஜநாராயணன், பூமணி, நாஞ்சில் நாடன், தோப்பில் முஹம்மது மீரான், இமையம். உரையாடல் எழுதித் தர வேறு ஆள் வேண்டாம். புத்தகத்தைத் திறந்தால் இருக்கிறது. கொஸ்டான்ஸோ செய்ய வேண்டியிருந்த வேலையில் பாதி நமக்கு முன்கூட்டியே முடிந்து கிடக்கிறது. சென்னையில் டெலிவிஷன் வந்தது 1975ல், முதல் தனியார் தமிழ்ச் சானல் 1993ல். இத்தனை வருஷத்தில் இந்த நாவல்களின் குழந்தைகளில் எத்தனை பேர் டெலிவிஷனில் பேசினார்கள் என்று எண்ண ஒரு கை விரல்களே எனக்கு அதிகம். தூர்தர்ஷன் நாட்களில் சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை' வந்தது, ரகுவரன் நன்றாகச் செய்தார்; அது குடியைப் பற்றிய கதை. அதற்குப் பிறகு டெலிவிஷன் தனக்கென்று ஒரு தமிழைச் செய்துகொண்டுவிட்டது. தஞ்சாவூர் மருமகளும் திருநெல்வேலி மாமியாரும் சென்னை டப்பிங் அறையில் பிறந்தவர்கள். வட்டாரப் பேச்சு வேண்டுமென்றால் வேலைக்காரிக்கும் கோமாளிக்கும் கொடுப்பார்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்பது எனக்கு தினமும் கண்ணெதிரே நடக்கிறது. வங்கிக் கவுன்ட்டரில் உட்காருகிறவன் நான். கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு அம்மா வருவாள், கூடவே ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும் மகள். மகள்தான் செலான் எழுதுவாள், ஆங்கிலத்தில். அம்மாவிடம் திரும்பி 'இஞ்ச கைநாட்டு வையி' என்று மெதுவாகச் சொல்லுவாள். சட்டென்று என் பக்கம் திரும்பி 'சார், இது இன்னைக்கே கிரெடிட் ஆயிடுமா?' என்பாள், அட்சரம் பிசகாத டெலிவிஷன் தமிழில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் ஒரு பெண். அம்மாவுக்கு இதில் பெருமையும் இருக்கிறது, ஏதோ ஒன்று கைவிட்டுப் போகிற கலக்கமும் இருக்கிறது. பெரிய பள்ளிவாசல் பக்கத்திலிருந்து வரும் பையன் வீட்டில் 'பசியாறியாச்சா', 'ஆணம்' என்று பேசிவிட்டு, தெருமுனை தாண்டியதும் 'டிஃபன்', 'குழம்பு' என்று மாறிக்கொள்கிறான். ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதை வயசு அவனுக்கு இப்படித்தான் தெரிவிக்கிறது. லீலாவும் எலெனாவும் இங்கே வரிசையில் நிற்கிறார்கள். டோக்கன் நம்பர் கூட வாங்கிவிட்டார்கள்.

இந்த ஊருக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 1954 நவம்பர் வரை இது பிரெஞ்சுக்காரன் ஊர். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ் என்று வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே இருந்தது; சொல்தாவாகப் போய் சைகோனில் இருந்து திரும்பிய குடும்பங்களுக்கு இன்றைக்கும் பிரான்ஸிலிருந்து பென்ஷன் வருகிறது. மூன்று பக்கமும் ஆங்கில ராஜ்யம், நடுவில் இந்த நூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டரில் பிரெஞ்சு. இங்கே ஒரு சுவாமிநாதன் இருந்திருந்தால் அவன் 'மாங்க்' என்ற சொல்லைப் பார்த்து அது காயா பழமா என்று திகைத்திருப்பான். அவனைப் பற்றி யாரும் ஸீரியல் எடுக்கப் போவதில்லை, நாவலே நம்மிடம் போதுமான அளவு இல்லை. இதற்குப் பழியை டெலிவிஷன் மேல் போட முடியாது, எழுதுகிற நம் மேல்தான் போட வேண்டும்.

ஆனால் எழுதப்பட்டதே கிடக்கிறதே. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' 1977லிருந்து இருக்கிறது. செகந்தராபாத், லான்ஸர் பாரக்ஸ், நிஜாம் ராஜ்யத்தின் கடைசி நாட்கள், ரஜாக்கார்கள். சந்திரசேகரன் என்கிற பையன். அவனுக்கும் கிரிக்கெட் பைத்தியம். சுவாமிநாதன் வளர்ந்து ஒரு கலவரத்துக்குள் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த நாவலைவிட நல்ல பதில் இல்லை. இதைத் திரையில் நான் பார்த்ததில்லை. பணம் போட ஒருவர் கிடைத்து, நம் நண்பர்களில் யாரையாவது திரைக்கதை எழுதக் கூப்பிட்டால், முதல் நாள் ஒரே ஒரு காரியம் செய்யட்டும். அந்தப் பையன் அம்மாவிடம் என்ன தமிழில் பேசுகிறான், மாட்டுக்கு வைக்கோல் வாங்கும் இடத்தில் என்ன பேசுகிறான், ஆங்கிலோ இந்தியப் பக்கத்து வீட்டோடு என்ன, மைதானத்தில் அவுட் என்று கத்துவது எதில், உருதுவில் அதட்டப்படும்போது பதில் எந்த பாஷையில் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். நாவலின் கடைசியில், அடைக்கலம் தேடி ஒளிந்திருக்கும் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சின்னப் பெண் அவன் முன்னால் தன் உடையைக் களைந்து நிற்கிறாளே, அங்கே அவன் ஒன்றும் பேசாமல் ஓடுகிறான். அந்த இடத்துக்கு எதிரே தாளில் ஒன்றும் எழுத வேண்டாம்.